பேட்டரியை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் அப்பா 1986-ல் வாங்கிய பெட்ரோல் அம்பாசடர் கார் தோட்டத்து வீட்டில் இருக்கிறது. ஒன்றரை வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டோம். காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. செல்ப் மோட்டார் சுற்றுவதில்லை. தள்ளிவிட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும். இரவில் ஹெட்லைட்டும் மங்கலாக எரிகிறது. அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். விடியற்காலை நான்கு மணிக்கு ஈரோட்டுக்குக் கிளம்ப வேண்டும். ஒயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார் ஒருவர். இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்கிறார் இன்னொருவர். எது சரி?
– கோபிசெட்டிபாளையம் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: முதலில் அம்மாவின் பயணத்துக்கு வழி செய்துகொள்ளுங்கள். கீழே சொல்லும் சோதனைகள் முடிந்து, கார் ஒரு வாரம் தொடர்ந்து தானாக ஸ்டார்ட் ஆகும் வரை டயாலிசிஸ் நாட்களுக்கு வேறு வண்டி பேசி வையுங்கள். அதன்பின் காரைப் பார்க்கலாம்.

இரும்புக்கும் போட வேண்டாம், ஒயரிங் முழுவதையும் இப்போதே மாற்றவும் வேண்டாம். புதிய பேட்டரி போட்டும் அதே தொல்லை வருகிறது என்றால், காரணம் பேட்டரிக்கு வெளியே இருக்கிறது. அது மூன்றில் ஒன்றாக இருக்கும். பேட்டரியில் உள்ள கரண்ட் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அல்லது வண்டி ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏறவில்லை. அல்லது வண்டி நிற்கும்போது கரண்ட் எங்கோ கசிகிறது. மூன்றையும் வீட்டிலேயே அளந்து பார்த்துவிடலாம். சில நூறு ரூபாயில் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றும், ஒயர் கோத்த 12 வோல்ட் சிறிய பல்பு ஒன்றும் போதும்.

பழைய வண்டியின் குணம்

அம்பாசடர் கார், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைத் தயாரித்து வந்தது. 2014 மே மாதம் தயாரிப்பு நின்றது. அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்களில் பெரும்பாலும் லூகாஸ் நிறுவனத்தின் மின்சாமான்கள்தாம். நம் ஊரில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் சென்னை பாடியில் அதே வகைச் சாமான்களைச் செய்தது. அதனால்தான் பழைய காரைப் பிரித்துப் பழகிய ஆட்டோ எலக்ட்ரீஷியன், பழைய டிராக்டரிலும் தடுமாறாமல் கை வைக்கிறார்.

இங்கிலாந்துக்காரர்கள் லூகாஸை 'இருட்டின் இளவரசன்' என்று கேலி செய்வது வழக்கம். ஆனால் வருடங்கள் ஓட ஓட முதலில் கெடுவது சாமான் அல்ல, சாமானும் ஒயரும் சேரும் இடம்தான். நாற்பது வருடம் மழை, தூசி, அதிர்வு, இன்ஜின் சூடு எல்லாம் பட்ட இணைப்புகளில் துரு ஏறுகிறது. பார்க்க இறுக்கமாக இருக்கும். உள்ளே கரண்ட் போகும் வழி சுருங்கியிருக்கும். அதிலும் பலரும் பார்க்க மறப்பது எர்த் பக்கத்தை. காரில் எல்லா மின்சாமானுக்கும் போகும் ஒயர் கண்ணுக்குத் தெரியும். திரும்பி வரும் வழி பெரும்பாலும் காரின் இரும்பு உடம்புதான். போகும் வழி எவ்வளவு நன்றாக இருந்தாலும், திரும்பும் வழி அடைபட்டால் வேலை நடக்காது.

கடைமடையில் அளக்க வேண்டும்

தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தில் இருப்பவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். மடையை அடைத்து வைத்திருந்தால், வாய்க்கால் பாதி தூர்ந்திருந்தாலும் தண்ணீர் மட்டம் கடைசி வரை ஒன்றாகவே நிற்கும். மடையைத் திறந்து தண்ணீர் ஓடும்போதுதான் தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். மின்சாரமும் அப்படித்தான். எதுவும் இயங்காதபோது மீட்டர் எங்கே வைத்தாலும் 12 வோல்ட் காட்டும். அதைப் பார்த்து "கரண்ட் வருகிறது, செல்ப் மோட்டார்தான் போச்சு" என்று முடிவு கட்டினால் கைக்காசுதான் போகும். செல்ப் அடிக்கும்போது, லைட் எரியும்போது அளக்க வேண்டும்.

கணக்கு இதுதான். இந்த அளவு காரில் செல்ப் மோட்டார் சுமார் 200 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இணைப்பில் 0.01 ஓம் தடை ஏறிவிட்டது. இது சாதாரண மீட்டரின் ஓம் அளவையில் தெரியவே தெரியாத தடை. 200-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 2 வோல்ட். அந்த ஓர் அழுக்கிலேயே 2 வோல்ட் காணாமல் போகிறது. இறந்த மாட்டை உழவுக்குக் கட்டியது போல, மோட்டார் 'டக்' என்பதோடு நின்றுவிடும். அந்த 'டக்' சத்தம் சொலினாய்டு வேலை செய்வதன் அடையாளம். அதற்குச் சில ஆம்பியர் போதும்.

சோதனைக்கு முன்

கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு இருக்கட்டும். கையில் உள்ள மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். துண்டு, வேட்டி நுனி, சேலைத் தலைப்பு ஃபேன் பக்கம் போகக் கூடாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பீடி, தீக்குச்சி அருகில் வேண்டாம். பேட்டரியைக் கழற்றும்போது எர்த் ஒயரை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியாக மாட்டுங்கள். அப்போதுதான் ஸ்பேனர் பாடியில் தட்டினாலும் தீப்பொறி பறக்காது.

எந்த முனை பாடியில் சேர்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் மைனஸ் முனைதான் எர்த். மிகப் பழைய சில கார்களிலும் டிராக்டர்களிலும் பிளஸ் முனை எர்த்தாக இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் பேட்டரியை மாற்றி மாட்டிவிட்டால் டைனமோ, ரேடியோ எல்லாம் பாதிக்கும்.

ஐந்து சோதனைகள்

1. வண்டி ஓர் இரவு நின்றபின், மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரு முனைகளிலும் அளக்கவும். 12.6 என்றால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. காலி பேட்டரியை வைத்துக்கொண்டு மற்ற சோதனைகளைச் செய்யக் கூடாது. வெளியே கொடுத்து முழுமையாக சார்ஜ் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

2. காயிலுக்கு சாவியிலிருந்து வரும் சிறிய ஒயரைக் கழற்றி, நுனி எதிலும் படாமல் டேப் சுற்றி வையுங்கள். இனி இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது, செல்ப் மட்டும் சுற்றும். ஒருவர் சாவியைத் திருப்பட்டும். ஒரு முறைக்கு ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம். அப்போது பேட்டரி முனைகளில் 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி நல்லது. முழு சார்ஜ் இருந்தும் 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம். அல்லது செல்ப் மோட்டார் உள்ளே சிக்கி அதிகம் இழுக்கிறது. வோல்ட் குறையாமல் 12-க்கு மேலேயே நின்று, மோட்டாரும் சுற்றவில்லை என்றால், கரண்ட் மோட்டாருக்குப் போகவே இல்லை. வழியில் அடைப்பு.

3. இதுதான் முக்கியமான சோதனை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையில், கிளாம்ப் மேல் அல்ல, ஈயத் தூணிலேயே வையுங்கள். இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத சுத்தமான இரும்பில் அழுத்துங்கள். செல்ப் அடிக்கும்போது மீட்டர் 0.2, அதிகம் போனால் 0.3 வோல்ட்தான் காட்டலாம். 1 வோல்ட், 2 வோல்ட் என்று காட்டினால் திருடன் எர்த் வழியில் இருக்கிறான். அதை இன்னும் நெருங்கலாம்: ஈயத் தூணிலிருந்து கிளாம்ப், கிளாம்பிலிருந்து பாடி, பாடியிலிருந்து இன்ஜின் என்று ஒவ்வொரு துண்டாக அளந்தால், எந்தத் துண்டில் எண் குதிக்கிறதோ அதுதான் அழுக்கு இணைப்பு.

4. அதேபோல லைவ் பக்கம்: பேட்டரியின் மற்ற முனைக்கும் செல்ப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே, செல்ப் அடிக்கும்போது 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதிகம் என்றால் கேபிள் லக் அல்லது சொலினாய்டின் உள் தொடுமுனை கெட்டிருக்கிறது.

5. காயில் ஒயரைத் திரும்ப மாட்டி இன்ஜினை ஓட்டவும். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். டைனமோ உள்ள வண்டியில் ஐட்லிங்கில் சார்ஜ் ஏறாது. சிவப்பு லைட் லேசாக எரிவதும் இயல்பு. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தியதும் லைட் அணைந்து வோல்ட் 14 பக்கம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் முதலில் ஃபேன் பெல்ட் தளர்வு, அடுத்து டைனமோ கார்பன் பிரஷ், அதன்பின் ரெகுலேட்டர் பெட்டி என்ற வரிசையில் பாருங்கள். மாறாக 15 வோல்ட்டுக்கு மேல் ஏறினாலும் ஆபத்துதான். பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றி, ஒரே வருடத்தில் பேட்டரி போய்விடும்.

எர்த்தைச் சரிசெய்வது எப்படி?

இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியே கரண்ட் போகாது. அதனால் இன்ஜினையும் பாடியையும் இணைக்க, பின்னிய செம்புப் பட்டை ஒன்று இருக்கும். கிளட்ச் வேலை, இன்ஜின் வேலை பார்த்தபோது அதைக் கழற்றி மாட்டாமல் விட்ட வண்டிகள் பல. அப்படி விட்டால் கரண்ட் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ப் அடித்தபின் சோக் கேபிள் சுட்டால் இந்தப் பட்டை இல்லை அல்லது இற்றுவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

பட்டையின் இரு முனையையும் கழற்றி, லக்கையும் அது உட்காரும் இரும்பையும் உப்புத்தாளால் பளபளப்பு வரும் வரை தேய்த்து, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். பேட்டரி முனையில் பூத்திருக்கும் பச்சை, வெள்ளைப் பொடியை ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் கழுவலாம். செல் மூடிக்குள் அந்தத் தண்ணீர் போகக் கூடாது. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். போர் தண்ணீரின் உப்பு சொட்டு நீர்க் குழாயை அடைப்பது நமக்குத் தெரியும். அதே உப்பு பேட்டரித் தகட்டையும் கெடுக்கும்.

ஹெட்லைட் மங்கல் தனிக் கோளாறு

செல்ப் மோட்டாரைத் தடுக்கும் அதே அழுக்குதான் ஹெட்லைட்டையும் மங்கச் செய்கிறது என்று நினைக்கக் கூடாது. 60 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து 120 வாட். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். மேலே சொன்ன 0.01 ஓம் தடையில் இதற்கு 0.1 வோல்ட்தான் குறையும், கண்ணுக்குத் தெரியாது. எனவே லைட்டுக்குத் தனியாகத் தேட வேண்டும். வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

இன்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓட்டி, லைட்டைப் போட்டுப் பாருங்கள். இரண்டு லைட்டும் பிரகாசமானால் சார்ஜ் பக்கம் கோளாறு. அப்போதும் மங்கலாகவே இருந்தால், ஒரு தனி ஒயரின் ஒரு நுனியைப் பேட்டரி எர்த்தில் வைத்து, மறு நுனியை லைட் ஹோல்டரின் எர்த்தில் தொடுங்கள். உடனே வெளிச்சம் கூடினால் லைட்டின் எர்த் ஸ்க்ரூ துருப்பிடித்துள்ளது. கூடவில்லை என்றால் டிப்பர் சுவிட்ச், லைட் சுவிட்ச், அவற்றுக்கு வரும் ஒயர் முனைகளைப் பாருங்கள். இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் லைட்டும் சேர்ந்து மினுக்கினால், அது எர்த் கோளாறின் தெளிவான அடையாளம்.

வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு மாட்ட வேண்டாம். இரண்டும் சேர்ந்து 16 ஆம்பியரைத் தாண்டும். நாற்பது வருட சுவிட்சும் ஒயரும் சூடேறி உருகும். தரமான பல்பும், ரிலே ஒன்றும், சுத்தமான எர்த்தும் போதும்.

நிற்கும்போது கசிவு

எல்லாச் சுவிட்சையும் அணைத்து, கதவுகளை மூடி, பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுங்கள். ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே சிறிய 12 வோல்ட் பல்பைப் பிடியுங்கள். இந்தச் சோதனையின்போது சாவியைத் தொடக் கூடாது. பழைய காரில் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. கடிகாரம் தவிர எதுவும் கரண்ட் எடுக்கக் கூடாது. பல்பு எரிந்தால் கசிவு. பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் பல்பு அணைகிறதோ, கசிவு அந்தக் கிளையில். பியூஸ் எதை எடுத்தும் அணையவில்லை என்றால், டைனமோ வண்டியில் ரெகுலேட்டர் பெட்டியின் கட்-அவுட் தொடுமுனை ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது இரவெல்லாம் பேட்டரி கரண்ட் டைனமோவுக்குப் பாய்ந்து, டைனமோவும் சுடும். அதை உடனே எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

பியூஸில் விளையாட வேண்டாம்

பியூஸ் அடிக்கடி போகிறது என்று சிகரெட் பெட்டித் தாள், செம்புக் கம்பி, ஆணி வைப்பவர்கள் இருக்கிறார்கள். பியூஸ் போவது கோளாறு அல்ல, கோளாறைச் சொல்லும் எச்சரிக்கை. அதை அடைத்துவிட்டால், அடுத்து உருகுவது ஒயர். கொட்டகையில் காருக்குப் பக்கத்தில் வைக்கோல்போர் இருந்தால், கட்டியிருக்கும் மாடும் சேர்ந்து போகும். வீட்டு ஒயரிங்கில் போடும் ஒற்றைக் கம்பி ஒயரும் வண்டிக்கு ஆகாது, அதிர்வில் முறிந்துவிடும். பல இழை ஒயரை, லக் வைத்து அழுத்தி, ஸ்லீவ் மாட்டிப் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு இன்ஜின் சூட்டில் ஒரு கோடைகூடத் தாங்காது. ஒயரின் பிளாஸ்டிக் உறை வளைத்தால் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்திருந்தால் மட்டும் முழு ஒயரிங்கையும் மாற்றுங்கள்.

கேள்வி: டிராக்டரில் கரும்பு ஏற்றிக்கொண்டு இரவில் ஆலைக்குப் போகிறோம். டிரெய்லரின் பின் விளக்கு குழியில் இறங்கி ஏறினால் அணைந்து அணைந்து எரிகிறது. பல்பு மாற்றியும் பயனில்லை.
– சத்தியமங்கலம் பக்கத்து வாசகர்

பதில்: டிரெய்லரின் எர்த், இழுவைக் கொக்கியின் பின் வழியாக வருகிறது. கிரீஸும் மண்ணும் படிந்து ஆடிக்கொண்டிருக்கும் அந்த இரும்பை நம்ப முடியாது. டிராக்டரின் எர்த்திலிருந்து சாக்கெட் வழியாகத் தனி எர்த் ஒயர் ஒன்றைப் பின் விளக்கு வரை இழுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். பின் விளக்கு இல்லாத டிரெய்லர் இருட்டில் சாலையில் நிற்கும் சுவர் போன்றது; பின்னால் பைக்கில் வருபவருக்குக் கடைசி நொடியில்தான் தெரியும். சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டையையும் ஒட்டுங்கள். விளக்கு போனாலும் அது காப்பாற்றும். கரும்புத் தோகை பட்டையை மறைக்காமல் கட்டுங்கள்.

கேள்வி: மாதக்கணக்கில் நிற்கும் காரில் எலி ஒயரைக் கடிக்கிறது. என்ன செய்வது?
– நம்பியூர் வாசகி

பதில்: தீவன மூட்டையும் வைக்கோலும் உள்ள கொட்டகையில் காரை நிறுத்தாதீர்கள். பானெட்டைத் திறந்து வைத்தால் எலிக்கு இருட்டு மறைவு கிடைக்காது. ஒயர் நுழையும் துளைகளில் ரப்பர் புஷ் இருக்கட்டும். நீண்ட நாள் நிறுத்தும்போது பேட்டரி எர்த்தைக் கழற்றி வையுங்கள். கடித்த ஒயர் உரசினாலும் தீப்பிடிக்காது. மாதம் ஒரு முறை பேட்டரியை அளந்து, 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றுங்கள். திரும்ப ஓட்டுவதற்கு முன், கடிபட்ட இடம் உள்ளதா என்று ஒயர்களைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு எர்த்தை மாட்டுங்கள்.

அளந்த எண்களை எல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பட்டறைக்குப் போகும்போது "பேட்டரி வீக்" என்று சொல்லாமல், "செல்ப் அடிக்கும்போது எர்த்தில் ஒன்றரை வோல்ட் போகிறது" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல எலக்ட்ரீஷியன் நேராக அந்த இணைப்புக்குப் போவார். அவர் அதை அளக்காமலே புதுச் சாமான் வாங்கச் சொன்னால், பணம் கொடுக்கும் முன் இன்னொருவரிடம் காட்டுவது நல்லது.